பத்து விரல் வாத்தியார்

துடியலூரில், மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு மோட்டார் கம்பெனியில் திருமலைசாமி எப்படிப் பயிற்சியாளர் ஆனார் என்று கேட்டால் சிரிப்பு வரும். படிப்பைப் பார்த்து எடுக்கவில்லை. பேச்சுத் திறமையைப் பார்த்தும் எடுக்கவில்லை. எண்பத்தேழாம் வருஷம் ஒரு காலையில் முதலாளி வரதராஜுலு பிரஸ் ஷாப்புக்குள் வந்து, மூத்த ஆட்கள் எட்டுப் பேரை வரிசையாக நிற்க வைத்துக் கையை நீட்டச் சொன்னார். நீட்டிய எட்டு ஜோடிக் கைகளில் பத்து விரலும் முழுசாக இருந்தது ஒரே ஒரு ஜோடியில்தான். "அப்ப நீங்களே புது ஆளுகளுக்குச் சொல்லிக் குடுத்துருங்க" என்றார் முதலாளி. இன்டர்வியூ முடிந்தது.

மற்ற ஏழு பேரும் கையை மடக்கிக்கொண்டு வேலைக்குத் திரும்பினார்கள். அவர்களில் மூன்று பேர் திருமலைசாமியைவிடக் கெட்டிக்காரர்கள். ஆனால் புது ஆளுக்கு முன்னால் நின்று "இங்கே கையை வைக்காதே" என்று சொல்ல, வைத்துத் தொலைத்த கை லாயக்கில்லை என்று முதலாளிக்குத் தோன்றியிருக்கிறது. உண்மையில் அந்தக் கைதான் லாயக்கு. முதலாளிகளுக்கு அதெல்லாம் யார் சொல்வது?

பவர் பிரஸ் என்றால் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. மோட்டாருக்குள் அடுக்குகிற இரும்புத் தகடுகளை வெட்டும் மெஷின். கீழே ஒரு அச்சு, மேலே ஒரு சம்மட்டி. காலால் பெடலை ஒரு மிதி மிதித்தால் சம்மட்டி ஒரு தரம் இறங்கி அடித்துவிட்டு, மேலே போய் நின்றுகொள்ளும். வெட்டிய தகட்டை எடுத்து, அடுத்ததை வைத்து, மறுபடி மிதிக்க வேண்டும். ஒரு ஷிஃப்டுக்கு ஆயிரக்கணக்கான மிதி. தகட்டைக் கையால் எடுத்தால் வேகம். காந்தக் கோலால் எடுத்தால் சற்று மந்தம். கிளட்ச் தேய்ந்துபோனால், பெடலை மிதிக்காமலேயே சம்மட்டி இன்னொரு தரம் இறங்கும். ஷாப்பில் அதற்கு 'ரெண்டாவது அடி' என்று பெயர். அந்த ஏழு பேரின் விரல்களும் போனது ரெண்டாவது அடியில்தான்.

வாத்தியார் ஆன புதிதில் திருமலைசாமி ஒன்பது பேர் அடங்கிய முதல் கும்பலுக்கு மூன்று நாள் நின்றபடியே பேசினார். முந்தின இரவு உட்கார்ந்து நோட்டில் எழுதி, மனைவி பங்காரம்மாவிடம் ஒப்பித்துப் பார்த்துவிட்டு வந்து பேசினார். ஒவ்வொரு விஷயத்துக்கும் பிறகு "புரிஞ்சுதுங்களா?" என்று கேட்டார். ஒன்பது பேரும் "புரிஞ்சுதுங்க" என்றார்கள். மனுஷனுக்குப் பெருமை பிடிபடவில்லை. நாலாம் நாள் காலையில் ஆட்களை மெஷினில் உட்கார வைத்தார். கோட்டைமேட்டில் தகரப் பெட்டி செய்துகொண்டிருந்துவிட்டு வந்த நாகூர் மீரான் என்பவர், பக்கத்து ஆளிடம் குனிந்து கேட்டது அவர் காதில் விழுந்தது.

"ஏனுங்க, மூணு நாளா பெடலு பெடலுங்கறாரே, அது எதுங்க?"

திருமலைசாமிக்கு அப்படியே உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது. ஆனாலும் திட்டவில்லை. டீ நேரத்தில் நாகூர் மீரானைத் தனியாகக் கூப்பிட்டு, தெரியாவிட்டால் கேட்டிருக்கலாமே என்று மெதுவாகச் சொன்னார். அந்த ஆள் சங்கடத்தோடு நெளிந்தார். "நீங்க அத்தனை நேரம் கால் கடுக்க நின்னு சொல்றீங்க. புரியலீன்னு சொன்னா உங்க மனசு கஷ்டப்படுமல்லங்க" என்றார்.

இந்தக் கோயமுத்தூர் மரியாதையை எல்லா ஊர்க்காரனும் புகழ்கிறான். வாயைத் திறந்தால் ங்க, மூடினால் ங்க என்று வியக்கிறான். வியப்பவன் எவனும் பிரஸ் ஷாப்புக்குள் வந்து பார்த்ததில்லை. எதிரே நிற்கும் பெரியவரின் முகம் வாடக்கூடாது என்பதற்காகத் தன் விரலைக் கொடுத்துவிட்டுப் போகிற ஜனம் இது. திருமலைசாமிக்கு அன்றைக்குத்தான் அது விளங்கியது. தான் மூன்று நாளாகக் கற்றுக்கொடுத்தது எதையும் அவர்கள் கற்கவில்லை, "புரிஞ்சுதுங்க" என்று சொல்ல மட்டும் ஒன்பது பேருக்கும் வாய்ப்புக் கொடுத்திருக்கிறோம் என்று வீட்டில் சொல்லி வருத்தப்பட்டார். "புரிஞ்சுதுங்களா?" என்ற கேள்வியை அதோடு விட்டார். எட்டு வருஷம் அவர் வாயில் அது வரவே இல்லை.

அதற்கப்புறம் அவர் கற்றுக்கொடுத்த விதமே வேறு. பயிற்சியைப் பன்னிரண்டு நாளாக்கினார். முதல் நாள் பேச்சே கிடையாது. கையோடு கொண்டுவந்த முருங்கைக்காயை அச்சில் வைத்து, கிளட்ச் தேய்ந்த ஒரு பழைய பிரஸ்ஸை ஓட்டிக் காட்டுவார். ஒரு மிதி, ஓர் அடி. காலை எடுத்துத் தூக்கிக் காட்டுவார். எல்லோரும் அவர் காலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ரெண்டாவது அடி விழுந்து முருங்கைக்காய் தெறிக்கும். அன்றைக்கு யாருக்கும் சோறு இறங்காது. மறுநாளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான். ஒரு நாளைக்கு ஒரு வேலை. இடது கைக்காரர் வந்தால் ஸ்டூலை மாற்றிப் போடுவார். படிக்கத் தெரியாதவருக்கு நிறுத்தும் பொத்தானில் சிவப்புப் பெயிண்ட் அடித்துக் கொடுப்பார். ஒருவர் தப்பை இன்னொருவர் முன்னால் சொல்ல மாட்டார். சாப்பிட்ட மதியத்தில் புதுப் பாடம் எடுக்க மாட்டார். தூங்கி வழிகிற தலைக்குள் எதைத் திணித்தாலும் வெளியே வந்துவிடும் என்பார். இதையெல்லாம் அவருக்கு எந்தக் காலேஜும் சொல்லித் தரவில்லை. தப்புப் பண்ணிப் பண்ணித் தானே கண்டுபிடித்தார்.

பன்னிரண்டாம் நாள்தான் பரீட்சை. பெல்ட்டைக் கழற்றிப் போட்ட ஒரு பிரஸ்ஸில் அவரே போய் உட்காருவார். "இன்னைக்கு நானு புதுசா வந்த ஆளுங்க. நீங்கதான் வாத்தியார்" என்பார். ஒழுங்காக நாலு தகடு வைத்து எடுப்பார். திடீரென்று காந்தக் கோலைக் கீழே வைத்துவிட்டு, வெறுங்கையை அச்சுக்குள் நீட்டுவார். எதிரே நிற்பவர் உரக்க "நிறுத்துங்க" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் பரீட்சை.

கேட்க எளிதாக இருக்கிறது. செய்யச் சொன்னால் முக்கால்வாசிப் பேர் திணறுவார்கள். மெஷின் ஓடாது என்று தெரிந்தும், தன்னைவிட மூத்த மனுஷனைப் பார்த்து நிறுத்து என்று சொல்ல நாக்கு வராது. சிலர் இருமுவார்கள். சிலர் "பாத்துங்க" என்று முனகுவார்கள். பாத்துங்க என்றால் மெஷினுக்குக் கேட்காது என்று அனுப்பி, அடுத்த வாரம் மறுபடி வரச் சொல்வார். ஒரு ங்க சேர்த்துச் சொல்ல அனுமதி கொடுத்திருந்தார். அதையும் பிடுங்கிவிட்டால் கோயமுத்தூர் ஜில்லாவில் ஒருத்தரும் தேற மாட்டார்கள் என்பது அவர் கணிப்பு.

தேறியவரின் பச்சை அட்டையில் கையெழுத்துப் போடுவார். அந்த அட்டை இல்லாமல் யாரும் பிரஸ்ஸில் உட்கார முடியாது. எட்டு வருஷத்தில் நூற்றி நாற்பது பேருக்கு மேல் போட்டிருப்பார். அதில் ஒருத்தருக்கும் ஒரு நகக்கண்கூடப் போகவில்லை. ஷாப்பில் அவருக்குப் 'பத்து விரல் வாத்தியார்' என்று பெயர் வைத்தது கிண்டலுக்குத்தான். பிறகு கிண்டல் போய்ப் பெயர் மட்டும் நின்றது.

தொண்ணூற்றைந்தில் வரதராஜுலுவின் மருமகன் வம்சி கம்பெனிக்குள் வந்தான். மேனேஜ்மென்ட் படித்தவன், கெட்டவன் என்று சொல்ல மாட்டேன், அவசரக்காரன். வெளிநாட்டு ஆர்டர் ஒன்று பேச்சில் இருந்தது. அதற்கு ஐ.எஸ்.ஓ. சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்கு ஒவ்வொரு தொழிலாளிக்கும் பயிற்சி கொடுத்ததற்கான காகிதம் வேண்டும். வம்சி ஒரு புரொஜெக்டர் வாங்கி, பன்னிரண்டு நாள் பாடத்தை அரை நாளாகச் சுருக்கி, கண்ணாடித் தாளில் படமாகப் போட்டான். ஒவ்வொரு படத்துக்கும் கடைசியில் "புரிஞ்சுதுங்களா?" என்று ஒரு வரி இருந்தது. திருமலைசாமி அதைப் பார்த்துவிட்டு, தன்னிடம் வந்தவர்களுக்குப் பன்னிரண்டு நாளையே தொடர்ந்து நடத்தினார்.

அந்தச் சமயத்தில்தான் சாந்தாமணி பயிற்சிக்கு வந்தாள். முப்பத்து நாலு வயது. சூலூரில் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தவள். தறிக் கொட்டகையை மூடிவிட்டதால், இரண்டு பஸ் மாறித் துடியலூருக்கு வந்துபோனாள். புருஷன் லாரிக்குப் போனவர், வந்தால் வந்தார். இரண்டு பெண் பிள்ளைகள். இந்த வேலை நிலைத்தால் சின்னவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்த வேண்டாம் என்று வந்த அன்றைக்கே சொன்னாள். கை அப்படி ஓடும். காந்தக் கோலை அவள் பிடித்த மாதிரி யாரும் பிடித்துத் திருமலைசாமி பார்த்ததில்லை. பதினொரு நாள் பாடத்தையும் ஒரு தப்பில்லாமல் முடித்தாள். பன்னிரண்டாம் நாள் இரண்டு தரம் தோற்றாள்.

அவர் கையை அச்சுக்குள் நீட்டியபோது அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். "நீங்க போயி தப்புப் பண்ணுவீங்களாங்ணா? உங்களுக்குத் தெரியாததுங்களா?" என்றாள். இரண்டாம் தரமும் அதே கதைதான். தலையைக் குனிந்துகொண்டாளே தவிர, வார்த்தை வரவில்லை. அவருக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. அடுத்த திங்கட்கிழமை மூன்றாம் தரம் வைத்துக்கொள்ளலாம், வீட்டில் சுவரைப் பார்த்துச் சொல்லிப் பழகிவிட்டு வா என்று அனுப்பினார்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை முதலாளி அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். முப்பது வருஷத்துக்கு மேல் அங்கே வேலை பார்த்த திருமலைசாமி அந்த அறையில் நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. காபி வந்தது. பிறகு வரதராஜுலு தெலுங்குக்கு மாறினார். இரண்டு குடும்பத்திலும் வீட்டுப் பேச்சு தெலுங்குதான். கம்பெனிக்குள் முதலாளி அதைத் தொடவே மாட்டார். ஏதாவது ஆக வேண்டியிருந்தால் மட்டும் எடுப்பார். வீட்டில் எல்லோரும் சௌக்கியமா, உங்கள் மகள் ஹாரிகா பிளஸ் டூதானே, பாலிடெக்னிக்கில் நமக்கு வேண்டிய ஆள் இருக்கிறார், ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று நீளமாகப் பேசினார். பேச்சுக்கு நடுவில் மேஜைமேல் ஒரு கட்டுப் பச்சை அட்டையை வைத்தார். நாற்பத்தொன்று. வியாழக்கிழமை ஆடிட்டர்கள் வருகிறார்கள், அட்டைகளை மட்டும் காட்ட வேண்டும், அவர்கள் போன பிறகு எல்லோருக்கும் உங்கள் முறைப்படியே பன்னிரண்டு நாளும் நடத்திக்கொள்ளுங்கள், நான் குறுக்கே வர மாட்டேன் என்றார். ஒரு மிரட்டல் இல்லை, ஒரு அதட்டல் இல்லை. அத்தனை மரியாதை.

திருமலைசாமி அட்டைகளைப் பார்த்தார். பாதிப் பேரின் முகம்கூட அவருக்குத் தெரியாது. முடியாதுங்க என்று சொல்ல வேண்டும். நெஞ்சுக்குள் அது தயாராக இருந்தது என்று பிற்பாடு பங்காரம்மாவிடம் சத்தியம் பண்ணினார். எதிரே முதலாளி சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். அந்த முகம் வாடுவதைப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை.

"சரிங்க" என்றார்.

அந்தக் காபி பக்கத்தில் ஆறிக்கொண்டிருக்க, நாற்பத்தொரு கையெழுத்தையும் போட்டார். முப்பதாவதோ என்னவோ, சாந்தாமணியின் அட்டை வந்தது. மற்றவர்களுக்குப் போட்டதைவிட இதைப் போடுவது சுலபமாகக்கூட இருந்தது அவருக்கு. பாக்கி ஒரு சொல்தானே, திங்கட்கிழமை சொல்ல வைத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டார்.

ஆடிட்டர்கள் வந்தார்கள், அட்டைகளைப் பார்த்தார்கள், பாராட்டிவிட்டுப் போனார்கள். சனிக்கிழமை எல்லோருக்கும் ஆளுக்கு இரண்டு லட்டு. திங்கட்கிழமை காலை அவர் பயிற்சி அறையில் காத்திருந்தார், சாந்தாமணி வரவில்லை. போய்ப் பார்த்தால் மூன்றாம் நம்பர் பிரஸ்ஸில் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருக்கிறாள். சூப்பர்வைசர் அக்பர் அலியிடம் போய், இந்தம்மாவுக்கு இன்னும் முடியவில்லையே என்றார். அக்பர் அலி நல்ல மனுஷர். அட்டையை எடுத்துக் காட்டி, "உங்க கையெழுத்துதானுங்களே?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே சந்தேகம் வந்து கேட்டார். திருமலைசாமி அங்கேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். முதலாளி அறைக்கு நூறு அடிகூட இல்லை, நேரே போயிருக்கலாம். போகவில்லை. சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்ததும் அவளைப் பிடித்து ஒருதரம் சொல்ல வைக்கலாம் என்று பார்த்தார். அவள் பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள். செவ்வாயும் அப்படித்தான் போயிற்று.

புதன்கிழமை காலை மூன்றாம் நம்பரில் ரெண்டாவது அடி விழுந்தது, அரை மணிக்குள் இரண்டு தரம். சாந்தாமணி எழுந்துபோய் அக்பர் அலியிடம் சொன்னாள். அதுவரைக்கும் அவள் கற்றது வீண் போகவில்லை. மதியத்துக்குள் லாரி ஏற வேண்டிய சரக்கு இருந்தது. அக்பர் அலி, ஃபிட்டரைச் சாப்பாட்டுக்கு அப்புறம் அனுப்புகிறேன், அதுவரைக்கும் மெதுவாக ஓட்டுங்கள் அம்மணி என்றார். ஓட்ட மாட்டேன், நிறுத்துங்க என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பாடம் மட்டும்தான் அவளுக்கு ஆகவில்லை. "சரிங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப்போய் உட்கார்ந்தாள். பதினொன்றேகாலுக்கு ஒரு தகடு அச்சில் கவ்விக்கொண்டது. காந்தக் கோலுக்கு வரவில்லை. காலைப் பெடலிலிருந்து எடுத்துவிட்டுத்தான் கையை விட்டாள். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. பயிற்சி அறையிலிருந்து ஓடிவந்த திருமலைசாமி தன் துண்டைச் சுற்றிக் கட்டி, வண்டியில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்குப் போனார். வழியெல்லாம் அவள் அழவில்லை. சரக்கு லாரியில் ஏறிருச்சுங்களா என்று ஒருதரம் கேட்டாள்.

பத்து நாள் கழித்துக் கம்பெனி ஒரு விசாரணை வைத்தது. முழுப் பயிற்சி பெற்றும் கவனக்குறைவாக நடந்துகொண்டதாக அவள்மேல் காகிதம். அது ருசுவானால் வேலை போய்விடும். பயிற்சி முடியாதவளை மெஷினில் உட்கார வைத்தார்கள் என்று ஆனால் தப்பு கம்பெனியின்மேல் வரும். அவளுக்கு ஸ்டோரிலோ பேக்கிங்கிலோ நிரந்தரமாக ஒரு வேலை கொடுத்தே ஆக வேண்டும். எல்லாம் திருமலைசாமியின் ஒரு வார்த்தையில் நின்றது.

விசாரணைக்கு இரண்டு நாள் முன்னால் அவர் ஆஸ்பத்திரிக்குப் போனார். சாந்தாமணி கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவரைத் தப்பாக ஒரு சொல் சொல்லவில்லை.

"நானு பரீட்சையில தேறலைங்கறதை மட்டும் சொல்லிப்போடுங்ணா. இருக்கறதைச் சொன்னாப் போதுமுங்க. ஒத்தக் கையில கூட்டிப் பெருக்கியாவது இருந்துக்குவேன். சின்னவ படிக்கோணுமல்லங்க."

"சரிங்க அம்மணி" என்றார் திருமலைசாமி. சத்தியமாக அப்படியே செய்வதாகத்தான் நினைத்துச் சொன்னார்.

மறுநாள் முதலாளி கூப்பிட்டார். அதே நாற்காலி, அதே காபி, அதே தெலுங்கு. அட்டை பொய் என்று வெளியே தெரிந்தால் சான்றிதழ் போய்விடும், சான்றிதழ் போனால் ஆர்டர் போய்விடும், முந்நூறு குடும்பம் என்ன ஆகும் என்று வருத்தப்பட்டார். அந்தப் பெண்ணைச் சும்மா விட்டுவிட மாட்டோம், கையில் ஏதாவது கொடுத்துத்தான் அனுப்புவோம் என்றார். ஹாரிகா விஷயமாகப் பேசியாகிவிட்டது என்றார். திருமலைசாமி அங்கேயும் சரிங்க என்றார். இரண்டு பக்கமும் சரிங்க சொல்லிவிட்டு வந்து, இனி யார் முகத்தை வாட விடுவது என்று வீட்டில் சுருண்டு படுத்துக்கொண்டார். நடந்ததையெல்லாம் கேட்ட பங்காரம்மா, ஊருக்கெல்லாம் நிறுத்துங்க என்று சொல்லச் சொல்லிக் கொடுத்தாயே, உன்னை உட்கார வைத்துப் பரீட்சை வைக்க ஆளில்லாமல் போய்விட்டதே என்றாள். சாப்பாடும் போடவில்லை.

விசாரணை வம்சியின் அறையில் நடந்தது. கம்பெனி வெளியிலிருந்து கொண்டுவந்த ஒரு வக்கீல் நடத்தினார். வம்சி ஒரு பக்கம், அக்பர் அலி ஒரு பக்கம். சுவரோரம் சாந்தாமணி. சுவரில் அவள் தலைக்கு நேர் மேலே கண்ணாடி போட்ட சான்றிதழ். அக்பர் அலி தலை நிமிராமல், மெதுவாக ஓட்டச் சொன்னது நான்தான் என்று சொன்னார். அட்டை சரியாக இருந்ததால்தான் உட்கார வைத்தேன் என்றும் சொன்னார். பிறகு வக்கீல் பச்சை அட்டையைத் திருமலைசாமிக்கு முன்னால் வைத்தார்.

"இது உங்க கையெழுத்துதானுங்களே?"

"ஆமாங்க."

"பயிற்சி முழுசா முடிஞ்ச பொறகு போட்டதுதானுங்களே?"

வக்கீலும் கோபக்காரர் இல்லை. கேட்கிற கேள்வியிலேயே பதிலை வைத்து, அதை எடுத்துக் கொடுத்தால் போதும் என்கிற மாதிரி சிரித்துக்கொண்டே கேட்டார். திருமலைசாமி சாந்தாமணியின் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் ஒருவேளை உண்மை வந்திருக்கும். அதனால்தான் திரும்பவில்லை.

"முடிஞ்சுதுங்க" என்றார்.

"ரெண்டாவது அடி விழுந்தா மெஷினை நிறுத்தோணும்னு சொல்லிக் குடுத்தீங்களா?"

"சொல்லிக் குடுத்தேனுங்க."

"அது அவங்களுக்கு நல்லாப் புரிஞ்சுதுங்களா?"

எட்டு வருஷமாக அவர் யாரிடமும் கேட்காத கேள்வி அது. அதற்கு எல்லோரும் என்ன பதில் சொல்வார்கள், அந்தப் பதிலுக்கு என்ன மதிப்பு என்று அந்த அறையில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். வாயைத் திறந்தார்.

"புரிஞ்சு…"

"நிறுத்துங்க!"

அறை அதிர்ந்தது. அக்பர் அலி நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். சாந்தாமணி நின்றுகொண்டிருந்தாள். முந்தானை வாயில் இல்லை, தலை குனியவில்லை. கட்டுப் போட்ட கை நெஞ்சுக்கு நேராக நீண்டிருந்தது. வக்கீலைப் பார்க்கவில்லை, வம்சியைப் பார்க்கவில்லை, திருமலைசாமியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் தரத்தில் தேறிவிட்டாள். அவர் நடத்திய பரீட்சைகளிலேயே இவ்வளவு உரக்க, இவ்வளவு சுத்தமாக யாரும் சொன்னதில்லை. அவர் வாய் திறந்தபடியே இருந்தது.

வக்கீல் பதறவில்லை. உங்க முறை வரும் அம்மணி, இப்ப உக்காருங்க என்றார். அவள் உட்கார்ந்தாள். வக்கீல் மறுபடி திருமலைசாமியிடம் திரும்பி, சொல்லுங்க என்றார். அந்த மனுஷன் ஒரு மிடறு தண்ணீர் குடித்தார். அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். அவளே சொல்லிக் கொடுத்துவிட்டாள், எப்படிச் சொல்வது என்று.

"புரிஞ்சுதுங்க" என்றார்.

டைப் அடித்து வந்த அறிக்கையில், பயிற்சி முழுமையாகப் பெற்றவர், பாடத்தை நன்கு புரிந்துகொண்டவர் என்று பயிற்சியாளர் சாட்சி சொன்னதாக இருந்தது. நடுவில் ஒரு பெண் எழுந்து ஒரு வார்த்தை சொன்னது அதில் இல்லை. சாந்தாமணிக்கு வேலை போயிற்று. கையில் கொடுத்தனுப்புவோம் என்றதைக் கொடுத்தார்களா, எவ்வளவு என்று திருமலைசாமி விசாரிக்கவில்லை. கொஞ்ச நாள் கழித்து, சூலூரிலிருந்து வருகிற ஆள் ஒருத்தர், அவளுடைய சின்னப் பெண் ஒரு பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டப் போகிறாள் என்று பேச்சுவாக்கில் சொன்னார். ஹாரிகாவுக்குப் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்தது. அப்பா கொண்டுவந்த விண்ணப்பத்தை அவள் சந்தோஷமாகத்தான் வாங்கிக்கொண்டாள். அவளிடம் யாரும் எதையும் சொல்லவில்லை.

திருமலைசாமி அதற்கப்புறமும் நாலு வருஷம் வாத்தியாராக இருந்தார். பன்னிரண்டு நாள் முறை திரும்பி வரவே இல்லை; வம்சியின் புரொஜெக்டரை ஓட்டிக்கொண்டு, ஒவ்வொரு படத்துக்கும் கடைசியில் இருந்த வரியை வாசித்தார். புரிஞ்சுதுங்களா? புரிஞ்சுதுங்க. பெல்ட் கழற்றிய அந்த பிரஸ்ஸில் அவர் மறுபடி உட்காரவில்லை. அந்த நாலு வருஷத்தில் மூன்று பேருக்கு விரல் போயிற்று. மூன்று பேரின் அட்டையும் சரியாக இருந்தது.

தொண்ணூற்றொன்பதில் அவர் ஓய்வு பெற்றபோது கேன்டீனில் மேடை போட்டு, மாலை போட்டு, சால்வை போர்த்தினார்கள். வம்சி பேசினான். பாதுகாப்புக்கு நம் கம்பெனியின் அடையாளமே இந்தக் கைகள்தான் என்றான். கையைத் தூக்கிக் காட்டுங்க, எல்லோரும் பார்க்கட்டும் என்றான். திருமலைசாமி இரண்டு கையையும் தூக்கி, பத்து விரலையும் விரித்துக் காட்டினார். முன்வரிசையில் அக்பர் அலி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கைதட்டல் ஓயும்வரை கை அப்படியே நின்றது. போட்டோக்காரர், ஃபிளாஷ் அடிக்கவில்லை, இன்னொன்று எடுத்துக்கொள்கிறேன், அப்படியே இருங்க என்றார்.

"சரிங்க" என்றார் திருமலைசாமி.